முதல் எழுத்து

ஒரு சிறுமியின் பெயரில் முதல் எழுத்து மட்டும் எனக்குத் தெரியாது. மீதி எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. அவள் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், பள்ளிக்குப் போகும் வயது வருவதற்குள் காய்ச்சலில் இறந்துபோனாள். பெயரைச் சொன்னவர் அவளுடைய அண்ணன். அவரும் இப்போது இல்லை. மிச்சம் இருப்பது என் லேப்டாப்பில் உள்ள ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ஒலிப்பதிவு.

அவரை நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். உறவு கிடையாது. என் அப்பாவழித் தாத்தாவோடு ஒரே நிரையில் பால் வெட்டியவர். 2021 ஜூன் மாதம், நாடே முழு முடக்கத்தில் இருந்தபோது, பெஸ்தாரி ஜெயாவில் அவர் மகன் வாங்கியிருந்த தாமான் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பில் பேசினார். காது கொஞ்சம் மந்தம். அதனால் பேரன் இணையவழிப் பாடத்துக்கு வைத்திருந்த தன்னுடைய கம்பியில்லா ஹெட்ஃபோனை எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டான். "என்னடா இது, பைலட்டு மாதிரி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பதிவாகிறதே என்ற தைரியத்தில் கையில் பேனாவைக்கூட எடுக்கவில்லை. என் தவறு அங்கேதான் ஆரம்பம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதை எழுத்தாக்க உட்கார்ந்தேன். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. இடையிடையே கரகரப்பு வேறு. என் ஹெட்ஃபோனும் கம்பியில்லாததுதான், அதன்மேல் சந்தேகப்பட்டேன். சார்ஜ் ஏற்றினேன். லேப்டாப்போடு இருந்த இணைப்பை அழித்துவிட்டு மறுபடியும் சேர்த்தேன். ஒன்றும் மாறவில்லை. பக்கத்தில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியபோது கரகரப்பு மட்டும் நின்றது. யுஎஸ்பி 3 கருவிகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கசியவிடும். புளூடூத் ஓடுவதும் அதே இடத்தில். வீட்டு வைஃபையும் பெரும்பாலும் அங்கேதான். ஒரே ஒற்றையடிப் பாதையில் எல்லோரும் சைக்கிள் ஓட்டுவது மாதிரி. புளூடூத் இந்த நெரிசலைச் சமாளிக்க 79 தடங்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கும். (தாவித் தாவிப் பேசினால் எதிரியால் குறுக்கிட முடியாது என்ற யோசனைக்கு 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். இதைச் சொல்லாமல் யாரும் புளூடூத் கதையைச் சொல்வதில்லை, நானும் சொல்லிவிட்டேன்.)

கரகரப்பு போயிற்று, பானை போகவில்லை. சோதிப்பதற்காக ஓர் இளையராஜா பாட்டைப் போட்டேன். அதுவும் பானைக்குள் இருந்தது. பாஸ் இல்லை, வலது இடது பிரிவு இல்லை, வயலின்கள் எல்லாம் கொசு ரீங்காரம். அப்போதுதான் பார்த்தேன், காலையில் பேசி முடித்த வீடியோ அழைப்புச் செயலி மூடப்படாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மூடினேன். ஓரிரு விநாடி அமைதி. பிறகு பாட்டு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது.

பலருக்கும் நடந்திருக்கும், ஹெட்ஃபோன் பழுது என்று கடைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். உண்மையில் அதற்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று பாட்டுக் கேட்க: ஒலி ஒரே திசையில், லேப்டாப்பிலிருந்து காதுக்கு, ஸ்டீரியோவாக வரும். மற்றொன்று பேச: ஒலி இரு திசையிலும் போகும், ஆனால் தொலைபேசித் தரத்தில். ஏதாவது ஒரு செயலி ஹெட்ஃபோனின் மைக்கைக் கேட்ட உடனே முதல் கருவி படுத்துவிடும், இரண்டாவது எழுந்துகொள்ளும். சில லேப்டாப்களில் ஒரே ஹெட்ஃபோன் 'ஸ்டீரியோ' என்றும் 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' என்றும் இரண்டு பெயரில் தெரிவது இதனால்தான். தீர்வு எளிது. செயலியின் அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஹெட்ஃபோன் பாட்டுத் தரத்திலேயே நிற்கும்.

நிம்மதியாகத் தாத்தாவின் பதிவுக்குத் திரும்பினேன். அவர் இன்னமும் பானைக்குள்தான் இருந்தார்.

புரிய ஒரு நிமிடம் ஆனது. 2021இல் அந்தத் தாமான் வீட்டில் நடந்ததும் இதேதான். பேரன் அன்போடு மாட்டிவிட்ட ஹெட்ஃபோன், அதன் மைக் திறந்ததும் தொலைபேசியாகிவிட்டது. என் பக்கத்தில் கோளாறை ஒரு சொடுக்கில் சரிசெய்யலாம். அவர் பக்கத்துக் கோளாறு பதிவுக்குள் உறைந்துவிட்டது. ஒலிப்பதிவின் நிறமாலையைத் திறந்து பார்த்தேன். 4,000 ஹெர்ட்ஸ் வரை குரலின் வரிகள் நெளிகின்றன. அதற்குமேல் கோடு போட்டதுபோல் கறுப்பு.

அந்தக் கோடு யார் போட்டது? தொலைபேசிக்காரர்கள். 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் பேச்சு புரியும் என்று தொலைபேசித் துறை முடிவுகட்டியது. செம்புக் கம்பிக்குச் செலவு அதிகம். ஒரே கம்பியில் எத்தனை அழைப்புகளைத் திணிக்கலாம் என்பதுதான் கணக்கு. பின்னால் அதை எண்களாக்கியபோது விநாடிக்கு 8,000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 8 பிட், ஆக 64,000 பிட். 1994இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் கைபேசிக்கும் காதுக்கும் இடையிலுள்ள கம்பியை எடுத்துவிடும் வேலை தொடங்கியபோது, குரலுக்கு ஒதுக்கப்பட்ட வழியும் அதே 64,000 பிட்தான். புளூடூத் பிறந்தது பாட்டுக் கேட்க அல்ல, போன் பேச. பாட்டுக்கான வழிமுறை 2003 வாக்கில்தான் வந்து சேர்ந்தது. பேச்சுத் தரத்தை 2011இல் இரட்டிப்பாக்கினார்கள், ஆனால் இரு முனையும் ஒத்துழைத்தால்தான் அது கிடைக்கும். 2020இல் அறிவிக்கப்பட்ட புதிய முறை நல்ல ஒலியையும் மைக்கையும் ஒன்றாகக் கொடுக்கும் என்கிறார்கள். அதற்கும் ஹெட்ஃபோன், லேப்டாப் இரண்டும் புதிதாக இருக்க வேண்டும். பேரனுடையது மலிவான பழைய ஹெட்ஃபோன்.

3,400க்கு மேல் என்ன இருக்கிறது என்றால், சகரம் இருக்கிறது. 'சாமி', 'சடக்கு', 'சின்ன கிராணி' என்று நாம் சொல்லும்போது நாக்கு நுனியில் கிளம்பும் அந்தச் சீறலின் பெரும்பகுதி 4,000க்கு மேல்தான். தொலைபேசிப் பட்டைக்குள் அது மெல்லிய மூச்சாக வந்து விழும். போதாததற்கு அழைப்புச் செயலிகள் இரைச்சலை நீக்குகின்றன. மென்பொருளுக்குச் சீறலும் மின்விசிறிச் சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக 'சரசு' என்று சொன்னால் 'அரசு' என்று வந்து சேரலாம். வாக்கியத்தின் நடுவில் வரும் சொல் என்றால் இடம்பார்த்து ஊகித்துவிடுவோம். பெயருக்கு அப்படி எந்தத் துணையும் கிடையாது. தாத்தாவின் தங்கை பெயர் உயிரெழுத்தில் தொடங்கினாலும் பெயர்தான், சகரத்தில் தொடங்கினாலும் பெயர்தான். இரண்டு பெயரிலும் எங்கள் பக்கம் பாட்டிகள் இருக்கிறார்கள்.

வேறு ஆவணம் இல்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கோல சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாறு தெரிந்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். இந்த வட்டாரம் பதிவே இல்லாத இடமல்ல. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கேதான், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், தென்னமாரம் தோட்டத்தில் போடப்பட்டது. பெயரைப் பார்த்தாலே அங்கே யார் இருந்தார்கள் என்று தெரியும். அதை நட்ட பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபோக்கோனியே, 'மலேசீ' என்ற நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கினார். துரையின் நாவல் பாரிஸில் கிடைக்கும். அந்தத் தோட்டங்களில் பிறந்து இறந்த குழந்தைகளின் பெயர்களுக்கு வாய்தான் பதிவேடு. தோட்டம் கைமாறியது, ரப்பர் செம்பனையானது, செம்பனை சில இடங்களில் வீடமைப்பானது, ஆபீஸ் புத்தகங்கள் எங்கே போயின என்று தாத்தாவின் பழைய கிராணிக்கே தெரியவில்லை. அரசாங்கத்தின் இறப்புப் பதிவில் இருக்கலாம். பெயரைக் கொடுத்தால் தேடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு மணி நேரத்தில் தாத்தா பெரும்பாலும் பேசியது சத்தத்தைப் பற்றித்தான். நான்தான் கேட்டிருந்தேன், தோட்டத்தில் முதலில் நினைவுக்கு வருவது எது என்று. "பெரட்டு மணி" என்றார் யோசிக்காமல். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இருட்டோடு அடிப்பார்களாம். "அந்தச் சத்தத்துக்கு நாயே எந்திரிச்சி வரிசையில நிக்கும்."

அடுத்து ரேடியோ. 1946 ஏப்ரல் 1இல் ரேடியோ மலாயா தொடங்கியது. தமிழும் அதில் ஒரு மொழி. ஆனால் லயத்து வீட்டில் யாரிடம் பெட்டி இருந்தது? 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, கம்யூனிஸ்டுகளின் குரலுக்கு முன்னால் தன் குரல் போய்ச் சேர வேண்டும் என்று அரசாங்கம் புதுக் கிராமங்களிலும் கம்பங்களிலும் தோட்டங்களிலும் பொது ரேடியோக்களை வைத்தது. இதே காலத்தில் கோலாலம்பூர் நகரத்தார் கம்பிவழி வரும் ரெடிஃபியூஷனை மாதக் கட்டணம் கட்டிக் கேட்டார்கள் (அது 1949இல் வந்தது). கம்பி பட்டணத்துக்கு, கம்பியில்லாதது தோட்டத்துக்கு. இன்றைக்குக் கம்பியில்லாதது என்றால் வசதி என்று பொருள். அன்று அது தோட்டத்துக்குச் செய்தி போட அரசாங்கத்துக்கு மலிவான வழி. காட்டுக்குமேல் ஒலிபெருக்கி கட்டிய விமானங்கள் பறந்து சரணடையச் சொன்னதும் இந்தக் காலத்தில்தான். "மேலேர்ந்து பேசும், ஒன்னும் வெளங்காது, ஆனா பயமா இருக்கும்" என்றார் தாத்தா. அவர் சொன்னதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அந்த வரியை.

அந்த ரேடியோ, பிறகு கோயில் திருவிழாவில் மாமரத்தில் கட்டிய குழாய், பிறகு தோள்மேல் தொங்கிய டிரான்சிஸ்டர் என்று எங்கள் ஆட்கள் கேட்டது எல்லாமே குறுகிய ஒலிதான். நடுத்தர அலையில் ஒரு நிலையத்துக்கு இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 4,500 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி முழுசாக அடங்கும். பி. சுசீலாவின் சகரத்தை என் பாட்டி அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாள். அதனால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டு எல்லாம் மனப்பாடம், விட்ட எழுத்தை அவளே போட்டுக்கொள்வாள். ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பக் கேட்பதற்குப் பானை ஒலி போதும். புதிய பெயரைச் சொல்ல அது போதவில்லை.

மென்பொருள் நண்பர் ஒருவர் உதவ முன்வந்தார். இழந்த மேல் அதிர்வுகளைச் செயற்கை நுண்ணறிவால் மீட்கும் கருவி இருக்கிறது என்றார். கொடுத்தேன். பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினார். தாத்தா பானையை விட்டு வெளியே வந்து என் முன்னால் உட்கார்ந்து பேசினார். தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது. தங்கையின் பெயர் வரும் இடம் வந்தது. அழகான, பளிச்சென்ற சகரம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலைந்து முறை கேட்டேன். பிறகுதான் உறைத்தது. 4,000க்கு மேலே ஒன்றுமே இல்லை என்று நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சகரத்தைத் தாத்தா சொல்லவில்லை, கருவி சொல்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் யார் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, இந்த இடத்தில் சீறல் இருந்தால் பொருந்தும் என்று அது ஊகித்திருக்கிறது. ஊகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் நான் அதை எழுதி அச்சில் வந்துவிட்டால், நாளைக்கு அதுதான் அவள் பெயர். மறுத்துச் சொல்ல ஆளில்லை. நண்பரின் கோப்பைத் தனி உறையில் 'ஊகம்' என்று பெயரிட்டு வைத்திருக்கிறேன். கட்டுரைத் தொகுப்பில் அந்த இடத்தில் ஒரு கோடும் மீதி எழுத்துகளும்தான் வரும்.

பேரனிடம் கேட்டேன். அவன் அந்த அறையிலேயே இருந்தானே. "நான் கேம் வெளயாண்டுட்டு இருந்தேன் அண்ணே" என்றான். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது.

இப்போதெல்லாம் நேரில்தான் போகிறேன். கம்பி வைத்த சின்ன மைக் ஒன்றைச் சட்டைக் கழுத்தில் மாட்டிவிடுவேன். பதிவுக் கருவி லேப்டாப்போடு சேராத தனிக் கருவி. பெயர் வரும்போது நிறுத்தி, என்ன எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதி அவர்களிடமே காட்டுவேன். படிக்கத் தெரியாதவர்கள் என்றால் மூன்று முறை சொல்லச் சொல்வேன். போன மாதம் புக்கிட் ரோத்தானில் ஒரு பாட்டி, தன் மாமியார் பெயரை மூன்று முறை சொல்லி முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா தம்பி, இந்த வயசிலயே காது போச்சா?" என்றார். பிறகு மைக்கைக் கையில் எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்கு, நான்காவது முறையும் சொன்னார்.