மைக்செட்டும் மின்கிட்டாரும்: கரிசல் வட்டாரத்தில் ஒரு பழுதுபார்ப்புத் தொழில்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று விரியும் கரிசல் வட்டாரத்தில் மின்சார இசைக்கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை பெரும்பாலும் மைக்செட் கடை, ரேடியோ கடைகளின் கிளையாகவே வளர்ந்தது. கிட்டாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் காயில்) சுவிட்சு மக்கர் செய்தாலும், ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் கரகரத்தாலும், வால்வு ரேடியோவின் பேண்டு சுவிட்சு சரியாகப் பிடிக்காவிட்டாலும் போய் நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான். இந்த மூன்று கோளாறுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதே அதற்குக் காரணம்.

பொதுமேடைக்கான ஒலிபெருக்கி 1915-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜென்சன், பிரிதம் என்ற இருவரின் கைவேலையில் உருவானது. இந்தியாவில் அதைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களில் மோட்வானி குடும்பத்தின் சிகாகோ ரேடியோ நிறுவனம் முக்கியமானது. காங்கிரஸ் தலைவர்களின் பழைய மேடைப் படங்களில் மைக்கின் நெற்றியில் அந்தப் பெயரைக் காணலாம். 1940-இல் டெல்லியில் தொடங்கிய அஹுஜா பின்னாளில் தமிழ்நாட்டுச் சிற்றூர்வரை வந்து சேர்ந்தது.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கினாலும், மானாவாரிக் காட்டுக்குள் கிடந்த கிராமங்களுக்குக் கம்பி வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. மின்சாரம் இல்லாத ஊரில் மைக்செட் கட்ட வேண்டுமானால் கார் பேட்டரியும் கூடவே வர வேண்டும். சார்ஜ் தீர்ந்தால் விழாவும் பாதியில் நிற்கும். கம்பத்திலோ பனையிலோ உயரக் கட்டிய குழாய் ஸ்பீக்கர், தட்டையான கரிசல் வெளியில் தடுக்க மலையோ தோப்போ இல்லாததால், வெகுதூரம் எட்டியது. எந்த ஊரில் பொங்கல் வைக்கிறார்கள் என்பதை அடுத்த ஊர்க்காரர்கள் பாட்டை வைத்தே தெரிந்துகொண்டார்கள். இயல்பிலேயே ஒலிபெருக்கி தேவைப்படாத வாத்தியம் நாகசுரம். அதையும் மைக்செட் விட்டுவைக்கவில்லை. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு எஸ்.ஜானகி பாடிய ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படப்பாட்டு கொடை வீடுகளிலும் கல்யாணப் பந்தல்களிலும் ஓயாமல் ஒலித்தது. 1963 டிசம்பர் 1-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது. வீட்டு ரேடியோக்கள் பெருகின, பழுது பார்க்கிறவருக்கும் ஆண்டு முழுக்க வேலை கிடைத்தது.

அந்த வேலையில் பெரும்பங்கு வால்யூம் கன்ட்ரோலுடையது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தணித்து, வரி கொடுத்தவர் பெயரை அறிவித்து, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரே இரவில் நூறு முறை திருகப்படும் குமிழ் அது. உள்ளே குதிரை லாட வடிவில் ஒரு கரித்தடம். அதன்மேல் உரசியபடி நகரும் உலோக நாக்கு. தடத்தில் தூசி படிந்தாலும், தேய்ந்து கரி உதிர்ந்தாலும், நாக்கு ஒரு நொடி தொடர்பை இழக்கும். அதுதான் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்கிறது. கோடையில் காற்றோடு பறக்கும் நுண்ணிய கரிசல் புழுதி இதற்கு நல்ல தோது. மெக்கானிக்குகள் அன்று முதலில் செய்தது சி.டி.சி. எனப்படும் கார்பன் டெட்ராகுளோரைடை இரண்டு சொட்டு விட்டுக் குமிழை இருபுறமும் பலமுறை திருகுவது. அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு என்பது அப்போது பலருக்கும் உறைக்கவில்லை. தேய்ந்த தடத்தின்மேல் பென்சிலால் தீட்டும் வித்தையும் உண்டு. அன்றைய இரவை ஓட்ட அது போதும், மறுநாள் புதிது போட்டாக வேண்டும்.

புதிய வால்யூம் போட்ட பிறகும் கரகரப்பு போகவில்லையென்றால் அனுபவசாலியின் கை அடுத்து, வால்யூமுக்கு முன்னால் இருக்கும் கண்டன்சருக்குப் போகும். வால்விலிருந்து வரும் நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து, பாட்டை மட்டும் வால்யூமுக்கு அனுப்புவது அதன் பொறுப்பு. அது கசிந்தால் எந்தப் புதிய வால்யூமும் கரகரக்கும். குமிழை மட்டும் மாற்றி மாற்றிக் காசு வாங்குகிறவரையும் தொழில் தெரிந்தவரையும் பிரித்துக்காட்டும் இடம் இதுதான். இன்னொரு நுட்பம், வால்யூமில் இரண்டு வகை இருப்பது. காது ஒலியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை என்பதால் ஒலிக்கு லாக் வகை வேண்டும். கையில் லீனியர் வகைதான் இருக்கிறது என்று அதைப் பொருத்தினால், குமிழை இலேசாகத் திருகியதுமே பாட்டு அலறும், அதன் பிறகு எவ்வளவு திருகினாலும் ஏறியதாகத் தெரியாது. நாக்குக்கும் எர்த்துக்கும் இடையே பொருத்தமான ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் ஓரளவு சரியாகும்.

எர்த்து இந்த மண்ணில் தனிக் கதை. ஈரமாக இருக்கும்போது கரிசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும்போது மண் எர்த்துக் குழாயை விட்டு விலகிவிடும். திருவிழாக்களும் அந்தப் பருவத்தில்தான் குவிகின்றன. ஆம்ப்ளிஃபயர் ‘உம்’ என்று இரைந்தால் குழாயடியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது வழக்கமானது.

1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அதன் பிறகு இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி வழியில் நடக்கத் தொடங்கியது. குழாய் ஸ்பீக்கருக்கு அது எட்டாத தாழ்வு. பேஸ் கிட்டாரின் கீழ்க்கம்பி நொடிக்கு 41 அதிர்வு. குழாயோ சுமார் 300-க்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஊரே கேட்ட பாட்டில் பேஸ் பாதி காணாமல் போயிருந்தது! மெல்லிசைக் குழுக்களின் கச்சேரிகள் பெருகியபோது பெட்டி ஸ்பீக்கர்கள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மேடைகளோடு மின்கிட்டாரும் வந்தது. பிக்கப்பின் பலனை உணர்த்த வேறு சான்றும் அதே காலத்தில் இருந்தது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் 1980-களில் தமிழ்நாட்டுச் சபாக்களை ஆண்டது மின்மாண்டலினை வைத்து. சாதாரண மாண்டலினில் சட்டென்று அடங்கிவிடும் நாதம், பிக்கப் வழியாகக் கமகத்துக்குத் தேவையான அளவு நீண்டது.

ரேடியோ மெக்கானிக் முதன்முறையாகக் கிட்டாரின் முகத்தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது அறிமுகமில்லாத பொருள் என்று அதிகம் எதுவும் இருந்திருக்காது. இரண்டு மூன்று காயில், ஒரு செலக்டர் சுவிட்சு, வால்யூம், டோன், கண்டன்சர் ஒன்று. வியப்பதற்கு இதில் இடமில்லை. மின்கிட்டாரை உலகெங்கும் பரப்பிய லியோ ஃபெண்டரே 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தவர். மைக்செட் செய்து வாடகைக்கு விட்டவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1954-இல் அவர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப் மூன்று, சுவிட்சின் நிலையும் மூன்று. வாசிக்கிறவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் இக்கு வைத்து நிறுத்தி, இரு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் புதிய நாதத்தைக் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் ஐந்து நிலைச் சுவிட்சைத் தர 1977 ஆயிற்று.

கிட்டாரில் கோளாறு தேடும் முறையும் பழையதுதான். சுவிட்சை அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் சுவிட்சின் பித்தளை இதழ்கள் கறுத்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். பேண்டு சுவிட்சைப் போலவே துடைத்து, இதழை இலேசாக வளைத்துவிட்டால் போதும். ஒரு நிலையில் மட்டும் ஒலி இல்லையென்றால் அந்தப் பிக்கப்பின் ஒயரையும் காயிலையும் மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். ஒற்றைக் காயிலுக்கு 250 கிலோ ஓம், இரட்டைக் காயிலுக்கு 500 கிலோ ஓம் வால்யூம் என்பது வழக்கமான கணக்கு. ரேடியோவில் கிடைத்ததைப் போட்டால் நாதம் மங்கும் அல்லது கூசும். வால்யூமைக் குறைக்கும்போது உச்ச ஒலி செத்துப்போகிறது என்ற குறைக்கு, வால்யூமின் உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 0.001 மைக்ரோஃபாரட் அளவில் சின்ன கண்டன்சர் ஒன்றைப் பற்றவைப்பது தீர்வு. கிட்டார்க்காரர்கள் செய்யும் மாற்றங்களில் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததுமான ஒன்று இது.

மைக்செட்டின் பழைய ஆதிக்கம் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோடு தளர்ந்தது. இரவு 10 முதல் காலை 6 வரை தடை வந்தது. கூம்பு வடிவ ஒலிபெருக்கி கட்டக் கூடாது என்பது காவல்துறை அனுமதியின் வழக்கமான நிபந்தனை ஆனது. டிஜிட்டல் மிக்சர்களில் பல குமிழ்கள் பாட்டு செல்லும் பாதையிலேயே இல்லை, கணக்கை மட்டும் மாற்றுகின்றன. ரேடியோ கடைகளில் பல செல்போன் கடைகளாயின. கிட்டாருக்குள் இருக்கும் சுற்று மட்டும் பெரும்பாலும் 1950-களில் இருந்தபடியே நீடிக்கிறது. அதைச் சரிசெய்ய இன்றும் ஒரு மல்டிமீட்டர், ஈயக்கம்பி, சூட்டுக்கோல், கான்டாக்ட் கிளீனர் ஒரு புட்டி, இவ்வளவும் போதும்.