கொடையும் விலையும்

ஓவியத்தைக் களவாக அச்சிட்டு விற்றல் பழைய வழக்கம். அதனால் நொந்த ஹோகார்த் முதலிய ஓவியரின் முயற்சியால் 1735இல் இங்கிலாந்தில் செதுக்கோவியங்களுக்கு 14 ஆண்டுக் காப்புச் சட்டம் பிறந்தது. கலைஞன் இலவசமாக ஈந்ததை மற்றவன் விற்றாலோ?

அமெரிக்க நிழற்படக் கலைஞர் கரோல் ஹைஸ்மித், தம் படங்களைக் காங்கிரஸ் நூலகத்தின் வாயிலாக மக்களுக்கு அளித்தவர். அவற்றையே பட வணிக நிறுவனங்கள் விலைக்கு விற்றன. அம்மட்டோ! அவர் படமொன்றை அவர் நிறுவிய அறநிலையமே இணையத்தில் இட்டதற்கு 120 டொலர் கேட்டுக் கடிதம் வந்தது. வெட்கமறியா வாணிகம்! 2016இல், 18,755 படங்களின் பொருட்டு அவர் கெற்றி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். பொதுவுடைமையை எவரும் விற்கலாம் என்பது எதிர்வாதம். முதன்மைக் கோரிக்கைகள் தள்ளப்பட்டன, எஞ்சியவை சமரசமாயின.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவின்றியே, படைத்த அளவில் உரிமை பிறக்கிறது. இரத்தோட்டை இளைஞன் ஒருவன் ரிவஸ்டன் மலைச்சாரலைக் கணினியில் தீட்டி, யாவரும் காண இணையத்தில் வெளியிட்டான் எனக் கொள்வோம். காணத் தந்தமையால் விற்கும் உரிமையை அவன் இழப்பதில்லை. விற்பனைக்கும் இசைவளித்திருப்பின் நிலைமை வேறு; ஆயினும் படைத்தவன் தானே எனத் தன் பெயரைப் பொறிக்கக் கோரும் உரிமையைச் சட்டம் தனியே வைத்திருக்கிறது.