நீல அச்சும் ஒளிப்பட நூல் வரலாற்றின் தொடக்கமும்

ஒளிப்பட நூல்களின் வரலாறு, ஃபாக்ஸ் டால்பட் 1844-இல் வெளியிடத் தொடங்கிய ‘இயற்கையின் பென்சில்’ என்னும் நூலிலிருந்தே நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. ஆயின், 1843 அக்டோபரிலேயே அன்னா அட்கின்ஸ் பிரித்தானியக் கடற்பாசிகளின் ஒளிப்படங்களைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கிவிட்டார்.

அவர் கையாண்டது, ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த நீல அச்சு முறையாகும். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகியவற்றின் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி உலர்த்தி, பாசியை அதன்மேல் பரப்பி வெயிலில் வைத்தால், ஒளிபட்ட பகுதி பிரசிய நீலமாகும்; பாசி மறைத்த பகுதி நீரில் கழுவியபின் வெண்மையாக எஞ்சும். வெள்ளி உப்போ கேமராவோ இதற்குத் தேவையில்லை.

அட்கின்ஸ் தேர்ந்த ஓவியர். தம் தந்தை மொழிபெயர்த்த, சிப்பியினங்கள் குறித்த லாமார்க்கின் நூலுக்கு அவரே படங்கள் வரைந்தார். அத்தகையவரே, நுண்ணிய பாசிகளைத் துல்லியமாக வரைதல் அரிது எனக் கருதி ஒளியச்சை நாடினார். ஹார்வி 1841-இல் வெளியிட்ட கடற்பாசிக் கையேட்டில் படங்கள் இல்லாத குறையை அவரது தொகுப்பு நிறைவு செய்தது.

1853 வரை நீண்ட அப்பணியில் படங்களோடு கையெழுத்து உரையும் நீல அச்சாகவே அமைந்தது. சில படிகளே உருவாகி, நண்பர்களுக்கும் அறிவியல் நிறுவனங்களுக்கும் வழங்கப்பட்டன. முன்னுரையில் இருந்த ‘ஏ. ஏ.’ என்னும் முதலெழுத்துகள் பிற்காலத்தில் ‘பெயரறியா ஆர்வலர்’ எனப் பொருள்கொள்ளப்பட்டதும் உண்டு. டால்பட்டின் நூலோ விற்பனைக்கு வந்தது. எனவே, அட்கின்ஸின் முதன்மை மறைந்தமைக்கு அச்சுமுறையின் எளிமையன்று, நூல் பரவிய வழியே காரணம் எனலாம். இன்று இம்முறையைத் தொடக்கநிலைப் பயிற்சியாகக் கற்பிப்போர், அதனை நூல் வெளியீட்டு வரலாற்றோடும் இணைத்துக் கற்பித்தல் பொருத்தமாகும்.