பக்கத்து வீட்டுக்கும் அதே எண்தானா?

சென்ற முறை இதே அரங்கில் இல்லங்களில் இணையப் பயன்பாடு பற்றிப் பேசியபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "192.168.1.1 என்று தட்டினால் பக்கத்து வீட்டில் ரவுட்டரின் பக்கம் திறக்கிறது. என் வீட்டில் திறக்கவில்லை. என் முகவரியை அவர்கள் எடுத்துக்கொண்டார்களா?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வெளிநாட்டிலுள்ள மகள் தினமும் முகம் பார்த்துப் பேசுவது அந்த இணைப்பில்தான். ஏதோ திருட்டு நடந்துவிட்டது என்று பயந்து, இணைப்பையே துண்டித்துவிடலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தார்.

நான் படித்தது பொதுத் தொடர்புத் துறை, கணினி அல்ல. அன்று என்னிடம் முழு விடை இல்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், அது அசட்டுக் கேள்வி அல்ல என்று புரிந்தது. இரண்டு வீடுகளுக்கு ஒரே எண் இருக்கலாமா என்று இணைய வல்லுநர்களே 1994ல் வாதிட்டிருக்கிறார்கள்.

கதை 1981ல் தொடங்குகிறது. இன்றும் நாம் பயன்படுத்தும் ஐபி நான்காம் பதிப்பின் விதிமுறை அந்த ஆண்டில் வெளியானது. முகவரிக்கு 32 பிட் இடம். மொத்தம் சுமார் 430 கோடி எண்கள். அன்றைய உலக மக்கள்தொகையே அதைவிடச் சற்று அதிகம். ஆனால் 32 பிட்டைத் தேர்ந்தெடுத்த வின்ட் செர்ஃப், அதை ஒரு பரிசோதனையாகவே கருதியதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். வீட்டுக்கு ஐந்து கருவிகள் வரும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

1990களின் தொடக்கத்தில் எண்கள் தீர்ந்துவிடும் என்ற கவலை வந்தது. 1994ல் இரண்டு யோசனைகள் வெளியாயின. ஒன்று, சில எண்களை ஒதுக்கிவைத்து, யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டடத்துக்குள் பயன்படுத்தலாம் என்பது. மற்றொன்று, எகவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் முன்வைத்த 'நேட்' முறை. உள்ளேயுள்ள கருவிகளின் முகவரிகளை, வெளியுலகுக்குச் செல்லும்போது பொது முகவரிகளாக மாற்றிக்காட்டும் ஏற்பாடு அது. அதைத் தற்காலிகத் தீர்வு என்றே அவர்கள் எழுதினார்கள்.

எதிர்ப்பும் எழுந்தது. ஒரு முகவரி ஒருவருக்கே உரியது என்ற அடிப்படையே குலைந்துவிடும் என்று அதே ஆண்டில் நால்வர் மறுப்பு எழுதினர். அவர்களில் ஒருவரான எலியட் லியர், 1996ல் வெளிவந்த இறுதி ஏற்பாட்டை எழுதியவர்களிலும் ஒருவர். 192.168 என்று தொடங்கும் 65,536 எண்களும் எல்லா வீடுகளுக்கும் பொதுவானது அந்த ஏற்பாட்டின்படிதான்.

நம் அடுக்குமாடி வீடுகளை நினைத்துப் பாருங்கள். 05-12 என்ற வீட்டு எண் எத்தனையோ புளோக்குகளில் இருக்கிறது. யாரும் யாருடையதையும் திருடவில்லை. கடிதம் சரியான இடத்துக்குப் போவதற்கு அஞ்சல் குறியீடு இருக்கிறது. 192.168.1.1 என்பது அந்த 05-12 போன்றது. உங்கள் சேவை நிறுவனம் தரும் வெளி முகவரிதான் அஞ்சல் குறியீடு.

தற்காலிகத் தீர்வு நிலைத்துவிட்டது. 2011 பிப்ரவரி 3ஆம் தேதி உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசி எண் தொகுதிகளும் வழங்கப்பட்டன. 128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பு பரவிவருகிறது என்றாலும், பழையதும் உடன் ஓடுகிறது. சில நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியையும் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவுக்குள் நேரடியாக நுழைய முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அந்த அம்மாவின் ரவுட்டர்? பேரன் அண்மையில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியிருந்தார். கருவியின் அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்க்கச் சொன்னேன். அதில் 192.168.0.1 என்று இருந்தது. தட்டினார், திறந்தது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் கைப்பேசியின் வைஃபை விவரத்தில் 'ரவுட்டர்' அல்லது 'கேட்வே' என்ற வரியைப் பாருங்கள். அங்கே இருப்பதுதான் நீங்கள் தட்ட வேண்டிய எண். கணினியின் சொந்த எண் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அதற்கு எண் கிடைக்கவில்லை என்று பொருள். கம்பியைச் சரிபார்த்து, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். இரண்டு ரவுட்டர்களை இணைத்திருந்தால் இரண்டுக்கும் ஒரே எண் வரக்கூடாது, ஒன்றை 192.168.2.1 என்று மாற்றுங்கள்.

இன்னொன்று. இந்த எண் ஊருக்கே தெரிந்த எண். உங்கள் வீட்டுக்குப் பூட்டு, ரவுட்டரின் மறைச்சொல்தான். வாங்கியபோது இருந்த மறைச்சொல்லை இன்னும் மாற்றாதவர்கள் இன்றிரவே மாற்றிவிடுங்கள். அந்த அம்மா மாற்றிவிட்டார்.