நிலையலை விகிதம்: ஓர் எண் தீர்ப்பாக மாறிய வரலாறு

உரிமம் பெற்று, ஊதியம் எதுவும் இன்றி, தம் வீட்டிலிருந்தே சிற்றலைவழி உலகெங்கும் தொடர்புகொள்வோர் அமெச்சூர் வானொலியாளர்கள். அவர்களில் இருவர் ஆன்டெனாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சற்று நேரத்தில் நிலையலை விகிதம் எவ்வளவு என்ற கேள்வி எழுந்துவிடும். ஒன்றுக்கு ஒன்று எனில் ஆன்டெனா நன்று. மூன்றுக்கு ஒன்று எனில் தீது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழங்கும் இந்த அளவுகோல், ஆன்டெனாவின் செயல்திறனைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. எளிதில் அளக்கக் கிடைத்த ஒன்று, உண்மையில் அறிய வேண்டியதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட வரலாறு இது.

பரப்பியில் பிறக்கும் திறனை ஆன்டெனாவுக்குக் கொண்டுசெல்வது ஊட்டுகம்பி. ஊட்டுகம்பியின் மின் எதிர்ப்பும் ஆன்டெனாவின் மின் எதிர்ப்பும் பொருந்தாதபோது அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. செல்லும் அலையும் திரும்பும் அலையும் கலந்து கம்பியில் நிலையலை தோன்றுகிறது. கம்பி நெடுகக் காணும் மின்னழுத்தத்தின் பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் உள்ள விகிதமே நிலையலை விகிதம். அது இரண்டு பொருள்களின் பொருத்தத்தைக் குறிக்கிறது. ஆன்டெனா எவ்வளவு திறனை அலையாக வெளியிடுகிறது, எத்திசையில் வெளியிடுகிறது என்பன அதனுள் அடங்கா.

1920களிலும் 1930களிலும் நிலையலை எவருக்கும் பகையாக இருக்கவில்லை. செப்பலின் வான்கப்பல்களிலிருந்து பெயர்பெற்ற 'செப்' ஆன்டெனாவில், இணையாகச் செல்லும் இரு வெற்றுக்கம்பிகளே ஊட்டுகம்பி. அவற்றில் நிலையலை மிகுதியாக இருக்கும் என்பதை அறிந்தே அந்த அமைப்பு வகுக்கப்பட்டது. காற்றே காப்புப்பொருளாக இருந்தமையால் இழப்பு மிகச் சிறிது. ஊட்டுகம்பியில் அம்மீட்டரை இணைத்து, மின்னோட்டம் பெருமமாகும்வரை சுற்றை இசைத்துக்கொள்வதே வழக்கம்.

இரண்டாம் உலகப்போர் இந்நிலையை மாற்றியது. 1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீன், போர்க்காலத்தில் ரேடார் கேபிள்களுக்குக் காப்புப்பொருளாயிற்று. போர் முடிந்ததும் எஞ்சிய கோஆக்சியல் கேபிள் குறைந்த விலைக்குச் சந்தைக்கு வந்தது. அதே காலத்தில் அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி பரவியது. அமெச்சூர் பரப்பிகள் அதன் படத்தைக் குலைத்தன. அண்டை வீட்டாரின் சினத்தைத் தணிக்கப் பரப்பிகள் உலோகப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டன, வடிகட்டிகள் சேர்க்கப்பட்டன. அவ்வடிகட்டிகள் சரியாக இயங்க, குறிப்பிட்ட மின் எதிர்ப்பு தேவைப்பட்டது. பொருத்தம் என்பது முதன்முறையாக அன்றாடக் கவலையாயிற்று. 1956இல் கியூஎஸ்டி இதழில் லூயிஸ் மெக்காய், வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க 'மோனிமேட்ச்' என்னும் எளிய கருவியை விவரித்தார். ஒலிபரப்பும் வேளையிலும் இணைப்பிலேயே இருக்கக்கூடிய அக்கருவி, மேசைமீது எப்போதும் ஒரு முள்ளைக் காட்டிக்கொண்டிருந்தது.

கருவியோடு ஒரு சொல்லும் பரவியது. கம்பியில் திரும்பும் அலையை 'மீளும் திறன்' என வாட் கணக்கில் குறித்தபோது, அதை 'இழந்த திறன்' என்றே பலர் பொருள்கொண்டனர். விகிதம் மூன்று எனில் 25 விழுக்காடு திரும்புகிறது. ஆகவே கால்பங்கு வீண் என்பது அவர்கள் கணக்கு. உண்மைக் கணக்கு வேறு. ஆன்டெனாவிடத்தில் விகிதம் மூன்று. கேபிளின் இயல்பான இழப்பு 1 டெசிபெல். கேபிளுக்குள் நுழையும் நிகரத் திறன் 100 வாட் எனக் கொள்வோம். முழுப் பொருத்தம் இருந்தால் ஆன்டெனாவுக்குச் சேர்வது 79 வாட். பொருத்தமின்றி 71 வாட். வேறுபாடு எட்டு வாட் மட்டுமே. மறுமுனையில் கேட்பவரின் காது அதை உணராது.

இப்போது அதே ஆன்டெனாவுக்கு, மழைநீர் புகுந்து 3 டெசிபெல் இழப்புள்ள பழைய கேபிளை மாட்டுவோம். ஆன்டெனாவுக்குச் சேர்வது 40 வாட்டாகச் சரிகிறது. ஆனால் பரப்பியின் அருகில் உள்ள மீட்டர் முன்பு 2.3 காட்டியது, இப்போது 1.7 காட்டும். திரும்பும் அலையும் வழியிலேயே வெப்பமாகிவிடுவதுதான் காரணம். கேபிள் கெடக் கெட எண் அழகாகிறது.

செங்குத்து ஆன்டெனாவின் கதையும் இத்தகையதே. கால் அலைநீளச் செங்குத்துக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 36 ஓம். மண்ணில் 14 ஓம் இழப்பு இருந்தால் கூட்டுத்தொகை 50. 50 ஓம் கேபிளுடன் மீட்டர் ஒன்றுக்கு ஒன்று காட்டும். ஆனால் திறனில் 28 விழுக்காடு மண்ணைச் சூடேற்றிக்கொண்டிருக்கும். அடியில் ஆரக்கம்பிகளை மேலும் மேலும் பரப்பினால் மண்ணிழப்பு குறையும், வெளிவீச்சு கூடும், மீட்டரோ 1.4 வரை ஏறும். முள்ளை நம்புபவர் தம் நல்ல உழைப்பைப் பிழையெனக் கருதிப் பிடுங்கியெறிவார். ஆரக்கம்பிகளின் பயனை பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகியோர் 1937இலேயே அளந்து வெளியிட்டிருந்தனர் என்பது நினைவுகொள்ளத்தக்கது.

இந்நம்பிக்கையை நேரடியாக எதிர்த்தவர் வால்டர் மேக்ஸ்வெல். 1960இல் ஏவப்பட்ட டைரோஸ்-1 வானிலைச் செயற்கைக்கோளின் ஆன்டெனா அமைப்பில் பணியாற்றிய ஆர்சிஏ பொறியாளர் அவர். 1973 முதல் கியூஎஸ்டி இதழில் அவர் எழுதிய தொடர், திரும்பும் அலை பொருத்துசுற்றில் மீண்டும் திரும்பி ஆன்டெனாவை நோக்கியே செல்கிறது என்றும், கம்பியில் வெப்பமாகும் பகுதியே இழப்பு என்றும் விளக்கியது. அத்தொடர் 1990இல் நூலாயிற்று. 1991இல் அதே இதழில், திசையறி வாட்மீட்டரின் உள்ளமைப்பை 1959இல் விளக்கி எழுதிய வாரன் புருயின், பரப்பியின் வெளியீட்டு மின் எதிர்ப்பு குறித்து மாற்றுக்கருத்தை முன்வைத்தார். தேர்ந்த பொறியாளர்களிடையேயும் முடிவுறாத விவாதமாக அது நீண்டது.

இதற்கிடையே கருவிகளே நம்பிக்கையின் பக்கம் சாய்ந்தன. வெற்றிடக் குழாய்ப் பரப்பிகளில் வெளியீட்டுச் சுற்றைக் கையால் இசைக்க முடிந்தது. அவற்றின் இடத்துக்கு வந்த டிரான்சிஸ்டர் பரப்பிகள் 50 ஓமுக்கென்றே வடிவமைக்கப்பட்டன. விகிதம் இரண்டைத் தாண்டினால் தம்மைக் காத்துக்கொள்ளத் திறனைத் தாமே குறைத்தன. இயற்பியலில் தவறாக இருந்த நம்பிக்கை, பொறியமைப்பில் நடைமுறை உண்மையாயிற்று. அதனை மறுப்பது முன்பைவிடக் கடினமாயிற்று.

நிலையலை விகிதம் பயனற்றதன்று. நேற்றுவரை நிலையாக இருந்த எண் இன்று திடீரென மாறினால், எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. இழப்பு மிகுந்த கேபிளிலும் உயர்ந்த அதிர்வெண்ணிலும் பொருத்தமின்மை உண்மையிலேயே தண்டிக்கும். ஆயினும், எதையும் வானில் வீசாத போலிச்சுமை மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றுக்கு ஒன்று காட்டுகிறது என்ற ஓர் உண்மையே அந்த எண்ணின் எல்லையைக் காட்டப் போதும்.

ஆன்டெனாவை அதன் பணியாலேயே சோதிக்கும் வழி ஒன்று பின்னர் பிறந்தது. துடிவிண்மீன் ஆய்வுக்காக 1993இல் நோபல் பரிசு பெற்றவரும் அமெச்சூர் வானொலியாளருமான ஜோசப் டெய்லர், 2008இல் 'விஸ்பர்' என்னும் மென்பொருளை வெளியிட்டார். மிகச் சிறு திறனில் அனுப்பும் குறியீட்டை உலகெங்கும் உள்ள ஏற்பிகள் தாமே கேட்டு, அதன் வலிமையைப் பொதுத் தரவுத்தளத்தில் பதிகின்றன. இரு ஆன்டெனாக்களை மாற்றி மாற்றி இணைத்து, எது எங்கே எவ்வளவு கேட்டது என ஒப்பிடலாம். மேசைமேல் இருக்கும் மீட்டரால் சொல்ல முடியாத அந்த விடை, தொலைவில் கேட்டவரிடமிருந்துதான் வரவேண்டியிருந்தது.