கிளையிலிருந்து உத்திரத்துக்கு: தமிழர் ஊசலின் வரலாறு

ஊஞ்சல் என்று இன்று பரவலாக வழங்கும் சொல்லின் பழைய வடிவம் ஊசல் என்பதாகும். சங்கச் செய்யுள்களில் அந்த ஊசலோடு இணைந்து வரும் வினை ஊக்குதல்; தானே ஆடுவது ஊங்குதல், பிறர் ஆட்டிவிடுவது ஊக்குதல் என, ஆடு, ஆட்டு என்னும் இணையைப் போலவே இவ்விரண்டும் தன்வினையும் பிறவினையுமாக நிற்கின்றன. இன்றைய ஊக்குவித்தல் என்னும் சொல்லுக்குள் இருப்பதும் இந்த ஊக்கு என்னும் வினையே. தூங்கு என்பதும் இவ்வாறு நோக்கத்தக்க சொல்: பழந்தமிழில் அது தொங்குதலையும் அசைந்தாடுதலையும் குறித்தது, உறக்கம் என்பது அதற்குப் பின்னர் முதன்மை பெற்ற பொருள். ஆடும் துணியில் பிள்ளையை உறங்கவைத்த வழக்கத்தையும் இந்தப் பொருள் மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஊசலாட்டம் தமிழர் அன்றாட வாழ்வில் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பது விளங்கும்.

தொடக்கத்தில் ஊசல் திறந்தவெளிக்கு உரியது; அதில் ஆடியவர்கள் இளம்பெண்கள். வீட்டு உத்திரமோ கோயில் மண்டபமோ சங்கப் பாடல்களின் ஊசலுக்குத் தேவைப்படவில்லை, நிலம் தந்ததே அதற்குக் கருவியாயிற்று. உலோச்சனார் பாடிய அகநானூற்றின் 20ஆம் பாடலில் நெய்தல் நிலத்துப் பெண்கள் தாழையின் விழுதையே கயிறாகக் கொண்டு ஆடுகின்றனர். அஞ்சில் அஞ்சியார் பாடிய நற்றிணையின் 90ஆம் பாடலில், விழா நடக்கும் மருத நிலத்துப் பழைய ஊர் ஒன்றில், பனைநாரால் திரித்த பெருங்கயிற்று ஊசல் கட்டப்பட்டிருக்கிறது. தோழியர் ஊக்கியும் ஆட மனமின்றி ஒருத்தி அழுதுகொண்டே அகல்கிறாள். கடற்கரையில் தாழை விழுதும் ஊருக்குள் பனைநாரும் எனக் கயிறு மாறுவதை இப்புலவர்கள் தற்செயலாகக் குறிப்பிட்டதாகக் கொள்வதற்கில்லை. எந்தப் பொருள் எந்த நிலத்தில் கைக்கு எட்டும் என்பதை நன்கு அறிந்தே அவர்கள் பாடியிருக்கின்றனர்.

இவற்றுள் மிகச் சிறந்த ஊசற் காட்சி கலித்தொகையின் 37ஆம் பாடலில் உள்ளது. கபிலர் பாடியதாக வழங்கும் குறிஞ்சிக்கலியைச் சேர்ந்த அப்பாடலில், தினைப்புனத்தில் கிளி கடியும் பெண் புனத்தின் அருகே கட்டிய ஊசலில் ஆடிக்கொண்டிருக்கிறாள். பல நாள் வந்து நின்று பார்த்தும் தன் உள்ளத்தைச் சொல்லாத ஒருவன் அங்கே வர, தன்னைச் சிறிது ஊக்கிவிடுமாறு அவளே அவனைக் கேட்கிறாள். அவன் ஊக்க, கை நெகிழ்ந்து விழுபவளைப்போல அவள் அவன் மார்பில் விழுகிறாள். தெளிந்துவிட்டால் விலகிப்போகச் சொல்லிவிடுவானோ என்று மயங்கியவளாகவே கிடக்கிறாள். இங்கே ஊசல் வெறும் விளையாட்டுக் கருவி அன்று. சொல்லத் தயங்கும் ஆணுக்கும் சொல்லக்கூடாத பெண்ணுக்கும் இடையே ஊக்குதல் என்னும் செயல் பேச்சின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பழந்தமிழ்ப் பெண் தன் விருப்பத்தைத் தானே முன்வந்து புலப்படுத்துவதற்கு இலக்கியம் இடமளித்த அரிய தருணங்களுள் ஒன்றாக இதனைக் கருதுவது தகும்.

ஊசலுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு சிலப்பதிகாரத்தில் தெளிவாகத் தெரிகிறது. வஞ்சிக் காண்டத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை, கந்துகம் என்னும் பந்து, ஊசல், வள்ளை எனப் பெண்கள் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் உரிய பாட்டுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் ஊசல் வரி, ஊசலை ஊக்கியபடியே சேர மன்னரின் கடம்பெறிந்த வெற்றியைப் பாடுவதாக வருகிறது. பெண்களின் ஆட்டப்பாட்டு மன்னனின் புகழ்ப்பாட்டாக மாறும் திருப்பம் இங்கே நிகழ்கிறது, மன்னன் இருந்த இடத்தில் இறைவன் அமர்வதற்கு அதன்பின் நெடுந்தொலைவு இல்லை. மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் உள்ள திருப்பொன்னூசல், பவளத்தால் கால்களும் முத்தால் கயிறும் பொன்னால் பலகையும் கொண்ட ஊசலில் அமர்ந்து உத்தரகோசமங்கைப் பெருமானைப் பாடி ஆடுமாறு பெண்களை அழைக்கும் 9 பாடல்களால் ஆனது. பனைநார் முத்துவடம் ஆகிவிட்டது. ஆயினும் ஆடுபவர்கள் இன்னும் பெண்களே என்பது கருதத்தக்கது.

அடுத்த கட்டத்தில் தெய்வமே பலகையில் ஏறுகிறது. சிற்றிலக்கியம் என்று வழங்கும் சிறு நூல்வகைகளுள் ஊசல் என்பதும் ஒன்றாயிற்று. ஆசிரிய விருத்தத்தாலோ கலித்தாழிசையாலோ அமைந்து, ‘ஆடீர் ஊசல்’ அல்லது ‘ஆடாமோ ஊசல்’ என முடிவது அதன் இலக்கணம். பிள்ளைப்பெருமாள் ஐயங்காரின் அட்டப்பிரபந்தத்துள் சீரங்கநாயகர் ஊசல் இடம்பெறுகிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் பத்தாவதாக நின்று நூலை முடித்துவைப்பதும் ஊசற் பருவமே. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் இதற்குச் சான்று. யாழ்ப்பாணத்திலோ இவ்வகை இன்றளவும் உயிரோடிருக்கிறது: பல ஊர்க் கோயில்களுக்கு அவற்றுக்கே உரிய திருவூஞ்சற் பாட்டு உண்டு, திருவிழா நிறைவுறும் நாட்களில் அது ஓதப்படுகிறது.

கோயிற் கட்டடமும் இந்த மாற்றத்துக்கு ஏற்ப இடம் ஒதுக்கியது. மதுரையில் பொற்றாமரைக் குளத்தின் மேற்குக் கரையில் உள்ள ஊஞ்சல் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஊஞ்சலில் எழுந்தருள்கின்றனர். திருவரங்கத்தில் ஐப்பசித் திங்களில் 9 நாள் ஊஞ்சல் உற்சவம் நடைபெறுகிறது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை இரவுதோறும் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பெருங்கூட்டம் திரள்கிறது. முதல் இரண்டும் மண்டபத்தின் அமைதிக்கும் ஓதுதலுக்கும் உரியவை என்றால், மூன்றாவது உடுக்கையும் பம்பையும் அருள்வாக்கும் சூழ்ந்த வேறோர் உலகத்தைச் சேர்ந்தது.

வீட்டு ஊஞ்சல் இந்தக் கோயில் ஊஞ்சலின் உடன்பிறப்பு. முற்றத்தை ஒட்டிய கூடத்தில், உத்திரத்தில் பதித்த வளையங்களிலிருந்து நான்கு இரும்புச் சங்கிலிகள் இறங்கி, தடித்த தேக்குப் பலகையின் நான்கு மூலைகளையும் தாங்கும். நான்கு புள்ளிகளில் தொங்குவதால் பலகை சாயாமல் கிடைமட்டமாகவே முன்னும் பின்னும் செல்லும். பகலுணவுக்குப் பின் தாம்பூலம் தரித்துச் சாய்ந்திருக்கவும் குழந்தையை மடியில் வைத்திருக்கவும் பயன்பட்ட அந்தப் பலகையே பிராமணர் திருமணத்தில் சடங்கின் நடுவிடமாகும். மணமக்கள் மாலை மாற்றியபின் ஊஞ்சலில் அமர, சுமங்கலிப் பெண்கள் பாலால் கால் துடைத்து, பாலும் பழமும் கொடுத்து, கண்ணேறு கழிய வண்ணச் சோற்று உருண்டைகளைச் சுற்றி எறிந்து, ஊஞ்சற் பாட்டும் லாலியும் பாடுவர். தியாகராசர் (1767–1847) தெலுங்கில் இயற்றிய உற்சவ சம்பிரதாயக் கிருதிகளிலும் ஊஞ்சற் பாடல்கள் உள்ளன. ஆளில்லா ஊஞ்சலை ஆட்டக் கூடாது என்ற விலக்கு இன்றும் பல வீடுகளில் கேட்கப்படுவது, அப்பலகைக்கு மக்கள் அளித்த மதிப்பைக் காட்டும்.

கிளையிலிருந்து உத்திரத்துக்கு வந்தபோது ஊசலின் இயக்கமும் மாறியது. அறிவியல் நூல்கள் தனி ஊசல் என்று விளக்கும் அமைப்பின்படி, ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் கயிற்றின் நீளத்தைப் பொறுத்ததேயன்றி ஆடுபவரின் எடையைப் பொறுத்ததன்று: 1 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 2 நொடியும் 4 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 4 நொடியும் ஆகும். ஆகவே உயர்ந்த கிளையின் ஊசல் நெடிய வளைவில் நின்று நிதானமாகப் பறக்கிறது. கூடத்துப் பலகையோ காலால் தரையைத் தொட்டுத் தள்ளும் சிறு வீச்சோடு அடங்கிவிடுகிறது. ஒன்று உடலை வானுக்கு வீசுவது, மற்றொன்று உடலை ஓய்வில் ஆழ்த்துவது.

இவ்விரண்டுக்கும் புறத்தே, எந்தச் சடங்கும் பெயர் சூட்டாத தூளி இருக்கிறது. தாயின் பழஞ்சேலையை விட்டத்திலோ மரக்கிளையிலோ கட்டினால் அது தூளி, ஈழத்தில் ஏணை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையை இட்டுவிட்டு வேலை செய்தனர். முத்துவடமும் பொற்பலகையும் பாடப்பெற்ற அளவுக்கு இது நூல்களில் பாடப்பெறவில்லை. ஆயினும் தமிழ் மண்ணில் மிகுதியான மனிதரை ஆட்டிய ஊசல் இதுவாகவே இருக்கவேண்டும்.

மரத்து ஊசலும் முற்றாக மறைந்துவிடவில்லை. கொங்கு நாட்டில் ஊஞ்சலுக்குத் தூரி என்று பெயர். ஆடி நோம்பிக்கும் ஆடி 18க்கும் ஊர்ப் பொது மரங்களிலும் தோட்டத்து மரங்களிலும் தூரி கட்டுவது அங்கே வழக்கம். கனத்த வடத்தைக் கிளையில் போட்டு, அடியில் சாக்கையோ கட்டையையோ வைத்து, சிறுமியரும் மணமான பெண்களும் முறைவைத்து ஏறுவர். துணிந்தவர் இருவர் எதிரெதிரே நின்று மாறிமாறி மிதித்து உயரம் கூட்டுவர், மற்றவர்கள் பின்னிருந்து தள்ளிவிடுவர். நற்றிணையில் தோழியர் பனைநார்க் கயிற்று ஊசலுக்குச் செய்ததும் அதுவே.