அரசு மருத்துவமனை ஊழியர்களுக்கு ஊக்கம்: பலன் தருவது பரிசா, கண்காணிப்பா?

அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணியில் இருப்பவர் திறம்பட உழைத்தாலும், கடமைக்குப் பணிபுரிந்தாலும் மாத ஊதியம் ஒன்றே. இந்தச் சூழலில் பணித் தரத்தை உயர்த்த மத்திய, மாநில அரசுகள் பல வழிகளைக் கையாண்டு வருகின்றன. அவற்றில் பரவலாக அறியப்பட்டது மத்திய சுகாதார அமைச்சகம் 2015, மே 15-இல் தொடங்கிய 'காயகல்ப்' விருதுத் திட்டம்.

வளாகப் பராமரிப்பு, தூய்மை, மருத்துவக் கழிவு மேலாண்மை, தொற்றுத் தடுப்பு உள்ளிட்டவற்றுக்கு இத்திட்டத்தில் மதிப்பெண் வழங்கப்படுகிறது. முதலில் மருத்துவமனை தன்னைத்தானே மதிப்பிடும். பின்னர் வேறொரு மருத்துவமனையின் குழுவும், இறுதியில் வெளி மதிப்பீட்டாளர்களும் ஆய்வு செய்வர். 70 சதவீதத்துக்கு மேல் பெற்றும் முதலிடம் கிடைக்காத மருத்துவமனைகளுக்குப் பாராட்டுப் பரிசு உண்டு. பரிசுத் தொகையில் 75 சதவீதம் மருத்துவமனை மேம்பாட்டுக்கும், 25 சதவீதம் ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் செலவிடப்படுகிறது. தேசிய தர உறுதிச் சான்று பெறும் மாவட்ட மருத்துவமனைகளுக்குப் படுக்கை ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ.10,000 வழங்கப்படுவதிலும் இதே போன்ற பங்கீடு உள்ளது.

தனிநபருக்கு அன்றி குழுவுக்குப் பரிசு என்பதால், மருத்துவருடன் தூய்மைப் பணியாளரும் பலன் பெறுகிறார். ஆனால், செவிலியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் மருத்துவமனை அந்த 70 சதவீதத்தை எட்டுவது கடினம். ஊக்கம் அதிகம் தேவைப்படும் இடத்துக்கே பரிசு போய்ச் சேராத நிலை இதனால் ஏற்படுகிறது.

பரிசுக்கு மாற்றாகக் கண்காணிப்பு முறையும் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. ராஜஸ்தான் மாநிலம், உதய்பூர் மாவட்டத்தில் 'சேவா மந்திர்' தொண்டு நிறுவனமும் மாவட்ட நிர்வாகமும் இணைந்து 2006-இல் கிராமச் சுகாதாரச் செவிலியர்களின் வருகையை நேரப்பதிவுக் கருவி மூலம் கண்காணித்தன. கண்காணிப்பு நாள்களில் பாதிக்கு மேல் வராதவர்களுக்கு ஊதியப் பிடித்தம் என அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் வருகை கணிசமாக உயர்ந்தது. பின்னர், சுகாதார நிர்வாகமே 'விலக்கு நாள்'களைத் தாராளமாக அனுமதித்ததால், ஒன்றரை ஆண்டுக்குள் திட்டம் முற்றிலும் பலனற்றுப் போனது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் ரேச்சல் கிளென்னர்ஸ்டருடன் இணைந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பதிவு செய்துள்ளது. ஊதியத்தைப் பிடிக்க வேண்டிய அதிகாரிகளுக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை.

மருத்துவர்களைப் பொருத்தவரை, பணத்தைவிட மேற்படிப்பு வாய்ப்பே வலுவான ஈர்ப்பு. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் மாநிலங்கள் தனி ஒதுக்கீடு வழங்கலாம் என உச்சநீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2020, ஆகஸ்ட் 31-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர் சிறப்புப் படிப்பு இடங்களில் 50 சதவீதத்தை அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கி தமிழக அரசு ஆணையிட்டது. தொலைதூர ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் பணியாற்ற இளம் மருத்துவர் முன்வருவதற்கு இத்தகைய ஒதுக்கீடு ஒரு முக்கியக் காரணம். அதே நிலையத்தில் அவருடன் பணிபுரியும் ஒப்பந்தச் செவிலியருக்குப் பணி நிரந்தரமே முதல் கோரிக்கையாக இருக்கிறது.